இல்லைன்னு அவங்களுக்கு யாரு சொன்னது

துப்பட்டாவைக் கழுத்திலிருந்து உருவி, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும் டேப்லெட்டின்மேல் போட்டு மூடிவிட்டு, "கையை உள்ள வுட்டு ஆடுங்க சார்" என்பாள்.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"தெரிய வாணாம். கை இன்னா பண்ணிக்கினு கீதுன்னு பாருங்க. அத்த வெச்சு எந்தக் காலத்துல கீறீங்கன்னு சொல்லுங்க."

சொல்ல முடியாவிட்டால் அந்தக் காலம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். ஆடியவர் தோற்றதாக அர்த்தமில்லை, அதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். தோற்ற காலத்தை அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இந்தத் துணிப் பரீட்சை அவளுக்குப் பங்காருபாளையம் மாங்காய் மண்டியிலிருந்து வந்தது. அங்கே தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவளுடைய நைனா குடிபாலாவிலிருந்து அந்த மண்டிக்குக் காய் ஏற்றிப் போனவர். சின்ன வயதில் அவளும் வண்டியில் கூடப் போயிருக்கிறாள்.

"கண்ணு சீக்கிரம் ஏமாந்துடும் சார். குடிசைய வரைஞ்சா ஆதி காலம், கோபுரத்த வரைஞ்சா ராஜா காலம், செல் டவர வரைஞ்சா நம்ப காலம்னு ஒத்துக்கும். விரலு ஒத்துக்காது."

திருப்பதியில், பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். கீழே மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலைகள் போய்க்கொண்டே இருக்கும். கணினி விளையாட்டு செய்கிற கம்பெனி அங்கே இருப்பதாகச் சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு குடியிருப்பை நட்டு, அதை ஊராக்கி, நாடாக்கி, காலம் காலமாக நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அவள்தான் அதை வடிவமைத்தாள். முப்பதைத் தாண்டியிருந்தாள். சித்தூரில் கல்லூரி விரிவுரையாளராகச் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்றிருந்த என்னை, "காலங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல" முதலாளி சேர்த்துக்கொண்டார். இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகிவிட்டன.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

முதல் வாரமே நான் கட்டுக்கட்டாக எழுதிக் கொடுத்தேன். பல்லவர், சோழர், விஜயநகரம், நவாப், கம்பெனி என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் கீழே அக்காலத்து மக்களின் நிலை. படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"அக்காலத்தில் மக்களுக்குக் கடிகாரம் இல்லை, வரைபடம் இல்லை, எழுத்தறிவு இல்லை." தலையைத் தூக்கினாள். "இல்லைன்னு அவங்களுக்கு யாரு சொன்னது சார்?"

"புரியலைம்மா."

"கடிகாரம் இல்லைன்னு நெனைச்சு யாராச்சும் வருத்தப்பட்டுக்கினு இருந்தாங்களா? அது இன்னான்னே தெரியாது. நீங்க இங்க இருந்து எட்டிப் பாத்துட்டு இல்லை, இல்லை, இல்லைன்னு எழுதிக்கினு போறீங்க. இது பரீட்சைக்கு ஆவும். ஊரு கட்டறதுக்கு ஆவாது."

பக்கத்தில் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். கல்லூரியில் எத்தனையோ பேர் என்னை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள், நான் ரசித்திருக்கிறேன். இதை ரசிக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பை நான் கணக்கில் வைத்துக்கொண்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி விளையாட்டுகளில் எதிர்காலம் முழுவதையும் ஒரு மரம்போல வரைந்து முதலிலேயே காட்டிவிடுவார்களாம். சக்கரம், பிறகு இரும்பு, பிறகு அச்சு, பிறகு நீராவி. எதை வாங்கினால் எது திறக்கும் என்று எல்லாம் தெரியும். அவள் வந்த புதிதில் செய்த முதல் காரியம் அந்த மரத்தை வெட்டியது.

"இது காலம் இல்ல, ஓட்டல் மெனு கார்டு. இட்லி துன்னும்போதே காப்பி வரப்போவுதுன்னு தெரிஞ்சா அது டிபன் சார், சரித்திரம் இல்ல. அந்தந்தக் காலத்து ஆளுக்கு இன்னா தெரியாதோ அதான் அந்தக் காலம்."

அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, செய்து காட்டினாள். அவளுடைய முதல் காலத்தில் திரையில் எண்களே கிடையாது. களத்தில் தானியக் குவியல் இருக்கும், கண்ணால் பார்த்துப் போதுமா போதாதா என்று முடிவு செய்யவேண்டும். மழைக்குக் காத்திருக்க விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். எடுத்தால் ஜனங்கள் ஊரை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் காலத்தில் கணக்கன் வருவான். எண்கள் வந்துவிடும், ஆனால் குவியல் கதவுக்குப் பின்னால் போய்விடும். கணக்கன் சொல்வதைத்தான் நம்பவேண்டும். அவன் திருடலாம். கடைசிக் காலத்தில் எல்லாமே தெரியும். எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழும், ஈ ஓட்டுவதுபோல விரலால் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். காலம் மாறும்போது புதிதாக ஒன்று கிடைக்கும், பழையது ஒன்று கேட்காமலே போய்விடும். திரும்பிப் போக வழி கிடையாது.

இந்தக் கடைசிக் காலத்துக்கு அவள் சொன்ன உதாரணமும் நைனாதான்.

"போன் வர்றதுக்கு முன்னாடி பங்காருபாளையம் போய்ச் சேர்ற வரைக்கும் எங்க நைனாவுக்கு ரேட் தெரியாது. வண்டில பாட்டுப் பாடிக்கினு போவாரு. போய் மண்டில ஏமாறுவாரு. போன் வந்தப்புறம் ரேட் முன்னாடியே தெரிஞ்சுடுது. இப்ப மரத்தடியிலயே ஏமாந்துடுறாரு. பாட்டும் போச்சு."

குடிபாலாவிலிருந்து ஒரு பஸ்ஸில் சித்தூர் வந்து, அங்கிருந்து திருப்பதி பஸ் பிடிப்பாள். நானும் சித்தூர்க்காரன் என்பதால் தினமும் ஒரே பஸ்ஸில் போனோம். எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைப்பாள். பஸ்ஸில் ஏறியதும் டேப்லெட்டை யாரிடமாவது கொடுத்துவிடுவாள். எப்படி ஆடவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வெள்ளிக்கிழமை உபவாசக்காரர்கள், வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள், காய்கறிக் கூடைக்காரம்மா என்று எல்லாரும் அந்த ஊரை ஆண்டிருக்கிறார்கள். அதிகம் ஆண்டவர் கண்டக்டர்தான்.

"அக்கா, வான ராலேது" என்பார். மழை வரவில்லை. "இன்னும் எவ்ளோ நேரம் வெரல வெச்சுக்கினே இருக்கறது?"

"மழ வர்ற வரைக்கும்."

"எப்ப வரும்?"

"அந்தக் காலத்து ஆளுக்கு எப்ப வரும்னு தெரியுமா?"

"அந்தாளுக்குத் தெரியாது சரி. அந்தாளு டிக்கெட் போடணுமா? பாகாலா வரப்போவுது."

"அப்பன்னா விரல எடு. ஊரு காலியாவும்."

கண்டக்டர் எடுக்கமாட்டார். இடது கையால் விரலை அழுத்திக்கொண்டு, டிக்கெட்டை வாயால் கிழித்துக் கொடுத்ததை நானே பார்த்தேன். அவள் அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தாள்.

ஒருநாள் சந்திரகிரிக் கோட்டை தெரிந்தபோது, பழக்க தோஷத்தில், "இது விஜயநகரக் காலத்தின் கடைசிப் பகுதி" என்றேன். "கடைசின்னு உள்ள இருந்தவங்களுக்குச் சொன்னீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனிதர்களின்மேல் அவளுக்கு இருந்த மரியாதை அது என்று எனக்குப் பிறகுதான் பட்டது. செத்துப்போனவர்களை யாரும் முட்டாளாக்கக் கூடாது. அதற்காக உயிரோடு இருப்பவர்களை அவள் எவ்வளவு வேண்டுமானாலும் வருத்துவாள். படம் வரைகிறவர் பல வாரம் உட்கார்ந்து ஒரு கோயில் வரைந்தார். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. "முதல் காலத்துலயே தூரத்துல கோபுரம் தெரியுது. இன்னும் கல்லு ஒடைக்கவே கத்துக்கல" என்று சொல்லி, அவர் எதிரிலேயே அழித்துவிட்டாள். அந்த மனிதர் இரண்டு நாள் தனியாகப் போய்ச் சாப்பிட்டார். அவள் போய்ச் சமாதானமும் சொல்லவில்லை.

மூன்றாம் காலம் மட்டும் நெடுநாள் வராமலே இருந்தது. கணக்கனுக்கும் செல்போனுக்கும் நடுவே என்ன மாறியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ரயிலைப் போட்டுப் பார்த்தாள், துப்பாக்கியைப் போட்டுப் பார்த்தாள். துணியைப் போட்டு மூடினால் எல்லாம் இரண்டாம் காலமாகவே இருந்தது.

அந்தக் காலத்தைக் கொடுத்தது நான்தான். பாகாலா ரயில்வே கேட்டில் பஸ் நின்றிருந்தது. எங்கிருந்தோ தேவாலய மணி கேட்டது. நான் எதையும் யோசிக்காமல், "எங்கள் வீட்டில் வயது தொடங்கியது இந்த மணியிலிருந்துதான்" என்றேன். அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் கேட்கிற விதத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொள்ள முடியாது.

எங்கள் குடும்பம் சித்தூர்ப் பக்கத்துப் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தது. என் கொள்ளுத்தாத்தா சபைக்கு வருமுன் ஊருக்கு வெளியே சேரியில் இருந்தார். ஒரு நிலக்காரர் வீட்டில் மாடு மேய்த்தார். அவரை எல்லாரும் தெலுங்கில் டேய் போட்டு 'ஒரேய்' என்றுதான் கூப்பிடுவார்கள். தன் வயது அவருக்குத் தெரியாது, சபைப் பதிவேட்டில்தான் அது முதலில் எழுதப்பட்டது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் பாதிரியார் அவரிடம், "உன் பெயர் என்ன?" என்று கேட்டாராம். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தாராம். கேட்டது தன்னைத்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் என்று நினைத்தார்.

எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரியில் வேலை பார்த்த காலம் முழுக்க 'பழைய மிஷன் குடும்பம்' என்று அந்த மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டவன் நான்.

கேட் திறந்து பஸ் கிளம்பிய பிறகுதான் அவள் கேட்டாள். "அப்புறம் பேர் சொன்னாரா சார்? வூட்ல அம்மா கூப்பிட்ட பேர் ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்திருக்கும். தெரியாதும்மா."

தெரியும். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், எமன் கண்ணில் படாமல் இருக்க அவர் அம்மா ஒரு பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த சில நாட்களில் மூன்றாம் காலம் வந்துவிட்டது. மணி அடிக்கும். அதுவரை ஊரில் ஓடியாடிக்கொண்டிருந்த ஜனங்கள் வெறும் உருவங்கள். வயலுக்குப் போவார்கள், கல் சுமப்பார்கள், பஞ்சம் வந்தால் குறைவார்கள். மணி அடித்த பிறகு முதன்முதலாக யார்மேல் விரல் வைக்கிறோமோ அந்த ஆள் நின்று, திரும்பி, தனக்குப் பின்னால் பார்ப்பான். தலைக்குமேல் ஒரு வெற்றுப் பெட்டி வரும். பெயருக்கான பெட்டி. அதன் பிறகு எல்லாருக்கும் பெயர் வரும், வயது வரும். அதன் பிறகு ஒருவர் செத்தால் யார் செத்தது என்று தெரியும். துணிக்கடியிலும் தெரிந்தது. அதுவரை ஊரை ஆண்ட விரல், அதற்கப்புறம் ஒவ்வொரு ஆளாகத் தொட்டுத் தொட்டுத் தயங்கியது. கண்டக்டர் அந்தக் காலத்தில் ஆடும்போது டிக்கெட் போடுவதை மறந்தே போனார்.

"பெட்டில எழுத முடியலியேம்மா" என்றேன்.

"முதல் பேர் நீங்க சொல்லுவீங்க, அப்ப எழுதற மாதிரி பண்றேன். பேர் விழுந்தப்புறம் அவுரு இன்னா பண்ணணும்னு யோசிச்சு வெச்சுக்கீறேன் சார்."

ராணிப்பேட்டையிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருந்த ஒருவர் அங்கே சோதனை பார்க்கும் வேலையில் இருந்தார். பிழை கண்டுபிடிப்பது அவர் தொழில். அவருக்கு இந்தக் கதை தெரியாது.

"அக்கா, அந்தாளு மறுபடி திரும்பறான்."

"திரும்பட்டும்."

"பின்னாடி ஒண்ணும் இல்ல அக்கா. சும்மா பாக்கறான்."

"ஒண்ணும் இல்லைன்னு அவருக்கு யாரு சொன்னது?"

அவர் பிழை என்று எழுதுவார், அவள் பிழை இல்லை என்று மூடுவாள். மறுநாள் திரும்ப எழுதுவார். கடைசியில் அது ஆபீஸில் விளையாட்டாகிவிட்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பினால், "பிழை, பிழை" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. சம்பளத் தேதி வந்தால் அவர் முகம் மாறிவிடும், அவ்வளவுதான். ஹைதராபாத்திலிருந்து பணம் போடுவதற்கு ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும் வந்தார்கள். ஆடிப் பார்த்தார்கள். காலத்துக்குக் காலம் கை மாறுவது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. எல்லாக் காலத்திலும் பொத்தான்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும், படங்கள் மட்டும் மாறட்டும் என்றார் அந்த அம்மாள். நியாயமாகத்தான் பேசினார். ஒவ்வொரு காலத்துக்கும் புதிதாகக் கற்கவேண்டுமென்றால் ஆடுகிறவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்.

"புதுக் காலம் வந்தா எல்லாருக்கும் கை தடுமாறும் மேடம்" என்றாள் அவள். "ஏடிஎம் வந்தப்ப எங்க நைனா கார்டப் புடிச்சுக்கினு நடுங்கிக்கினு நின்னாரு. அந்த நடுக்கம்தான் காலம். அத்த எடுத்துட்டா மிச்சம் இருக்கறது சட்டை."

"சட்டை போதும்மா. சட்டைதான் விக்கும்" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அப்ப துணிக்கடை வெக்கலாமே சார், கீழயே பாத்திரக் கடை இருக்குது."

அதுவரை அவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள்கூட யோசிக்க ஆரம்பித்திருந்தார். அப்போது அந்த இளைஞர் திரையைக் காட்டி, "இந்த ஆள் எதுக்குத் திரும்பறான்?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "மாஸ்டாரு, மீரு செப்பண்டி, நீங்களே சொல்லுங்க. இது சரித்திரத்துல இருக்குதா? பேரில்லாத ஜனம், மணி அடிச்சா பேர் வர்றது, திரும்பிப் பாக்கறது?"

அவள் என்னைக் கெஞ்சும் பார்வை எதுவும் பார்க்கவில்லை. பதில் வந்துவிட்டதுபோல நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். என் வாயால்தான் வரவேண்டும் என்று காத்திருந்ததாகத் தோன்றியது. என் வீட்டில் நடந்தது, அவர் என் கொள்ளுத்தாத்தா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னை மாஸ்டாரு என்றோ சார் என்றோ கூப்பிடுகிறவர்கள்.

"ஆதாரம் எதுவும் இல்லை" என்றேன். "கற்பனைதான்."

எங்கள் சபையில் இதற்கு ஒரு சொல் உண்டு. மறுதலித்தல். தெரிந்தவரைத் தெரியாது என்று சொல்வது.

"அப்ப அந்த ஆள எடுத்துடலாமா?" என்று முதலாளி அவளைக் கேட்டார். குரலைக் குறைத்துத்தான் கேட்டார்.

அவள் எழுந்துகொண்டாள். "ஆள எடுங்க. மணிய எடுங்க. பட்டனெல்லாம் ஒரே எடத்துல வெச்சுக்கோங்க. கடைசில பேரு ஓடும் இல்ல, அதுல என் பேரையும் எடுத்துடுங்க."

"கோவப்படாதம்மா."

"கோவம் இல்ல சார். இது பெயின்ட் அடிக்கிற வேல. என்னவுட நல்லா அடிக்கிறவங்க இருக்காங்க."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண்டக்டர் விடவில்லை. "சார், அக்கா சீட் புடிச்சுக்கீறாங்க. அங்க இன்னா நின்னுக்கினு?" என்று முன்னே அனுப்பினார். ஜன்னலோர இடம் எப்போதும்போல எனக்காகக் காலியாக இருந்தது.

பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. பிறகு மடியிலிருந்த டேப்லெட்டை என் மடியில் வைத்து, துப்பட்டாவைப் போட்டு மூடினாள். "ஆடுங்க."

உள்ளே கையை விட்டேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. என் விரல் ஒருவர்மேல் போய் நின்றது. எடுத்துவிட்டேன்.

"திரும்பியிருப்பாரு" என்றாள். "நீங்க பொய் சொல்லல சார். ஆதாரம் இல்லைன்னுதான் சொன்னீங்க. ஆதாரம் தினம் என் பக்கத்து சீட்ல உக்காந்துக்கினு வருது."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மன்னிப்பு இல்லை அது, விளக்கம். எழுத்துச் சான்று, வாய்மொழிச் சான்று என்று வகுப்பெடுக்கத் தொடங்கியிருப்பேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவுரு ஏன் திரும்பினாருன்னு நீங்கதான் சொன்னீங்க. நம்பளக் கேக்க மாட்டாங்க, பின்னாடி பெரியவங்க யாரோ நிக்கறாங்கன்னு. இன்னிக்கு உங்களக் கேட்டாங்க சார். நீங்களும் திரும்பித்தான் பாத்தீங்க."

துப்பட்டாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சித்தூரில் இறங்கி, குடிபாலா பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை, ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் சொன்னதெல்லாம் பலித்தது, அந்தச் சட்டை மாற்றும் விளையாட்டை யாரும் வாங்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஓரளவு நன்றாகவே ஓடியது என்று சொன்னார்கள். கடைசியில் ஓடும் பெயர்களில் 'சரித்திர ஆலோசகர்' என்று என் பெயர் வந்தது. அவள் பெயர் இல்லை. அதைத்தான் நான் இங்கேயும் எழுதவில்லை. எடுத்துவிடச் சொன்னவளிடம் கேட்காமல் போட எனக்கு உரிமை கிடையாது.

இந்தக் கோடையில் ராணிப்பேட்டைக்காரர் போன் செய்தார். பல வருடங்களுக்குப் பிறகு. "சார், போன்ல ஒரு கேம் வந்திருக்குது. செஞ்சவங்க பேர் எங்கயும் போடல. அனுப்பறேன், ஆடுங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த என் மனைவி திரும்ப நேரமிருந்தது. திறந்தேன். எண்கள் இல்லை, களத்தில் ஒரு குவியல். மழை இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துப் போனை மூடிக்கொண்டு, கையை உள்ளே விட்டு விரலை அழுத்திப் பிடித்தேன். வயதாகிவிட்டது, விரல் மரத்துப்போனது. எடுக்கவில்லை. மழையின் சத்தம் வந்தபோது யார் செய்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை சொல்லிவிட்டது.

கணக்கன் வந்தான், என்னை ஏமாற்றினான். நாலைந்து நாள் ஆடினேன். பிறகு ஒரு பிற்பகலில் மணி அடித்தது. துண்டை எடுத்துவிட்டேன். மாடுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த ஒருவர்மேல் விரலை வைத்தேன். அவர் நின்றார். திரும்பினார். பின்னால் பார்த்தார். யாரும் அவரை எடுத்துவிடவில்லை. அவள் எங்கே போனாளோ அங்கெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

தலைக்குமேல் பெட்டி வந்தது. இப்போது அதில் எழுத முடிந்தது. எழுதாமல் தாண்டிப் போக எங்காவது ஒரு பொத்தான் இருக்கிறதா என்று திரை முழுக்கத் தேடினேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். இல்லை. அவள் வைக்கமாட்டாள். நான் எழுதாதவரை அவர் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றார். மாடுகள் பயிரில் இறங்கின.

எழுதினேன். தப்பும் தவறுமாக எழுத்துகள் விழுந்தன, அழித்து அழித்து எழுதினேன். மண்ணாங்கட்டி. என் தாத்தாவின் அப்பா பெயர் மண்ணாங்கட்டி.

கடைசி எழுத்து விழுந்ததும் அவர் மெல்லத் திரும்பி, நேராக என்னைப் பார்த்தார். பேர் விழுந்த பிறகு அவர் என்ன செய்யவேண்டும் என்று அன்றைக்கு அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான் போலிருக்கிறது.